கேசட்டின் கடைசி நான்கு நிமிடங்கள்

மாப்ள,

நேற்றுக் காலை பட்டு வேட்டி எடுப்பதற்காகப் பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. என் மனைவி தும்மினாள். எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இறந்து மூன்று வருடமான ஒருவன்மேல், சக ஆசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில், பீரோக் கதவைப் பிடித்தபடி கோபப்பட்டுக்கொண்டு நின்றவன் இந்தத் திருமங்கலத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் எல்லோரும் அந்துருண்டையைத் துணிக்குள் போடுவார்கள். நீ கேசட்டுகளுக்கு நடுவில் போட்டாய். உங்கள் வீட்டில் சேலை வியாபாரம். அட்டைப்பெட்டியும் அந்துருண்டையும் எந்நேரமும் கிடக்கும். உன்னிடம் இரவல் வாங்கிய ஒவ்வொரு கேசட்டும் மடித்துவைத்த சேலை மாதிரி மணக்கும். "பிளாஸ்டிக்கை எந்தப் பூச்சிடா அரிக்கப்போகுது?" என்று கேட்டேன். "உனக்குத் தெரியாது" என்றாய். அத்தோடு பேச்சு முடிந்தது. அந்த இரண்டு சொல்லுக்கு மேல் உன்னோடு வாதாடி யாரும் ஜெயித்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பசுமலைக் கல்லூரியில் பொருளாதார வகுப்பில் ஒரே பெஞ்சில் வந்து விழுந்தோம். நான் திருமங்கலத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருபவன். என் அப்பா பாதி ஆயுளை அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்துக் கழித்து, பிறகு ஒன்றரை ஏக்கரைச் சொந்தமாக்கியவர். நீ டவுனில் மஹாலுக்குப் பக்கத்துச் சந்திலிருந்து வருபவன். வீட்டுக்குள் சௌராஷ்டிரம், வாசலைத் தாண்டினால் தமிழ். நமக்குள் பொதுவாக ஒன்றும் கிடையாது. அப்படியே விட்டிருக்கலாம். நீ விடவில்லை. முதல் வாரமே, வேப்பமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்த என் தலையில் உன் வாக்மேன் ஹெட்போனை மாட்டினாய்.

ஒரு பெண் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் ஒரே மாதிரி ஒரு அடி விழுந்துகொண்டே இருந்தது.

"யாருடா இது? யாரப் போட்டு இந்த வையி வையிறா?"

"வையல மாப்ள. அவ குடியிருந்த கட்டடத்துல மாடி மாடியா யார் யார் இருந்தாங்கன்னு சொல்றா. இப்ப மூணாவது மாடிக்குப் போறா, கேளு."

"எங்க ஊர்க் குழாயடில நின்னா இதெல்லாம் தினம் கேக்கலாம்டா."

நான் எரிச்சலில் சொன்னது அது. நீ சோற்றை விட்டுவிட்டு எழுந்து நின்றாய். "அதத்தாண்டா நானும் சொல்றேன்!" என்று கத்தினாய். அன்றைக்கு மாட்டியதுதான். மூன்று வருடம் என் தலையிலிருந்து அந்த ஹெட்போன் இறங்கவில்லை.

உன் தாய்மாமா கப்பலில் சமையல்காரர். போகிற துறைமுகத்திலெல்லாம் கடை வாசலில் யாரும் வாங்காமல் கூடையில் கொட்டிவைத்திருக்கும் கேசட்டுகளை அள்ளிக்கொண்டு வருவார். அவருக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. மலிவாகக் கிடைத்தது, மருமகன் கேட்கிறான், அவ்வளவுதான். ஆக, உன்னிடம் வந்து சேர்ந்த ராப் ஆல்பம் ஒவ்வொன்றும் அதனதன் ஊரிலேயே விற்காமல் போனது. இது ஒரு தற்செயல். நீ அதைக் கொள்கையாக்கிக்கொண்டாய். கல்லூரி விழாவில் எல்லோரும் போட்டு ஆடிய பாட்டுகளைக் கேட்டால் மூக்கைச் சுளிப்பாய். பெரிய பாடகர்களின் கேசட்டை யாராவது நீட்டினால் தொடக்கூட மாட்டாய். "நல்லாருக்குன்னு நாலு பேரு சொல்லிட்டாங்கள்ல, அஞ்சாவதா நான் எதுக்குடா?" என்பாய். சினிமாப் பாட்டில் இரண்டு வரி ராப் மாதிரி வேகமாக வந்துவிட்டால் போதும், அன்று முழுக்க உன் புலம்பலைக் கேட்க வேண்டும்.

சும்மா கேட்டால் உனக்கு ஆகாது. ஒரு வரிக்கு ஒரு தரம் நிறுத்துவாய். அகராதியைப் பிரிப்பாய். அகராதியில் அந்த வார்த்தை இருக்காது. பிறகு நீயாக ஒரு அர்த்தம் சொல்வாய். மழை ஓயாத ஒரு துறைமுக ஊரிலிருந்து இரண்டு பேர் போட்ட ஆல்பம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? அதில் ஒருவன் வரிக்கு நடுவில் இருமிவிடுவான். அதை வெட்டாமல் அப்படியே விட்டிருந்தார்கள். அந்த இருமலை மட்டும் நீ எனக்குப் பதினைந்து தடவையாவது திருப்பிப் போட்டுக் காட்டியிருப்பாய். "எப்பிடி விட்டுருக்கான் பாத்தியா? கம்பெனிக்காரன் வெட்டச் சொல்லிருப்பான். இவன் முடியாதுன்னுருப்பான்." அப்படி நடந்ததற்கு உன்னிடம் ஒரு ஆதாரமும் கிடையாது. ஆனால் அந்தக் கம்பெனிக்காரனோடு நீ நேரில் சண்டை போட்டவன் மாதிரி முகம் சிவந்துபோகும்.

வீட்டில் ஒரு பாஷை, தெருவில் ஒரு பாஷை பேசுகிறவனுக்குத்தான் இந்தப் பாட்டெல்லாம் புரியும் என்று ஒருநாள் சொன்னாய். எங்கள் வீட்டிலும் தெருவிலும் ஒரே பாஷைதான், ஆனால் தெருவுக்குத் தெரு பேசும் விதம் மாறும், நான் அதில் வளர்ந்தவன் என்றேன். "அப்ப உனக்கு என்னைய விடப் புரியும்" என்றாய். உன் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பட்டம் அது.

படிப்பு முடிந்து நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். நீ சேலைக் கடையில் உட்காராமல், வீட்டில் எல்லோரையும் அழவைத்துவிட்டு, திருப்பரங்குன்றத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். ஜனங்கள் வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருவார்கள். வெற்றுக் கேசட்டில் அவற்றை வரிசையாகப் பதிந்து கொடுக்க வேண்டும். பாட்டெல்லாம் முடிந்த பிறகு நாடாவில் மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ மிஞ்சும். அதை யாரும் கண்டுகொள்வதில்லை. நீ கண்டுகொண்டாய்.

அந்தத் தேங்காய்க்கடைக்காரர் வந்த அன்று நான் கடையில் இருந்தேன். மலைக்கோயில் அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர், நெற்றி நிறைய விபூதி. கேசட்டை மேசைமேல் அடித்து வைத்தார்.

"என்னய்யா பதிஞ்சு குடுத்துருக்கீங்க? சாமி பாட்டு முடிஞ்சு நான் தீவாரனை காட்டிக்கிட்டு இருக்கேன், எவனோ கெடந்து வையிறான்!"

கடைக்கார அண்ணன் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நீ அவரைச் சமாதானப்படுத்தியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நீ விளக்கம் சொல்ல ஆரம்பித்தாய்.

"வையலண்ணே. அவங்க தெருவ இடிச்சுட்டு ரோடு போட்டுட்டாங்க. அதத்தான் சொல்றான்."

"யாரு தெருவ இடிச்சா எனக்கு என்னடா?" என்று கடைக்கார அண்ணன் கத்தினார். "எத்தன கேசட்டுல இந்த வேலைய பாத்து வச்சுருக்க?"

நீ உண்மையைச் சொன்னாய். அதுதான் உன் கெட்ட பழக்கம். "நாலஞ்சு மாசமா எல்லாத்துலயும்ண்ணே."

கல்யாணக் கேசட், காதுகுத்துக் கேசட், டீக்கடைக் கேசட் என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஒவ்வொரு கேசட்டின் வாலிலும் அமெரிக்காவில் யாரும் வாங்காத ஒரு பாட்டு. நான்தான் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சி உன் வேலையைக் காப்பாற்றினேன். இனிமேல் செய்ய மாட்டான், நான் ஜவாப்தாரி என்றேன். நீ எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்தப் பாட்டில் இன்ன வரி எவ்வளவு முக்கியம் என்று என் காதில் சொல்லிக்கொண்டிருந்தாய்.

இரண்டு மாதம் கழித்து நடுப்பகலில் நான் வேலை பார்த்த பள்ளிக்கே வந்து நின்றாய். ஏதோ துக்கச் செய்தி என்று பதறிப்போய் வகுப்பை விட்டு ஓடிவந்தேன். "ஒரு டெய்லர் வந்தாருடா. அந்தக் கடைசிப் பாட்டு யாருதுன்னு கேட்டாரு. இன்னும் இருக்கான்னு கேட்டாரு" என்றாய். அதைச் சொல்வதற்காக இரண்டு பஸ் மாறி வந்திருந்தாய். ஒரே ஒரு டெய்லர். நான் உன்னைத் திட்டி அனுப்பினேன். நீ சிரித்துக்கொண்டே போனாய்.

அதோடு நீ நிறுத்தியிருந்தால் நான் இன்று இந்த மடலை எழுத வேண்டியிருக்காது.

அடுத்த வருடம் அப்பா போய்ச் சேர்ந்தார். காரியத்துக்குக் குவைத்திலிருந்து அண்ணன் வந்தபோது ஒரு கேசட்டைக் கொண்டுவந்தான். அப்போதெல்லாம் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கேசட்டில் பேசித்தான் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அப்பா அண்ணனுக்குப் பேசி அனுப்பிய ஒரே கேசட் அது. அவர் குரலைக் கேட்கும் தெம்பு அப்போது எனக்கு இல்லை. கேட்காமலேயே உன்னிடம் கொண்டுவந்து கொடுத்து, இரண்டு காப்பி போடச் சொன்னேன். எங்கள் அப்பா மேல் உனக்கு எவ்வளவு பிரியம் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குள் வண்டியைத் தயங்காமல் ஓட்டிவந்து, வாசலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் குடித்த அதே செம்பில் தண்ணீர் குடித்த முதல் டவுன்காரன் நீ. அதனால்தான் உன்னிடம் கொடுத்தேன்.

வீட்டில் அம்மா, அண்ணன், நான் மூவரும் உட்கார்ந்து கேட்டோம். அப்பா மாட்டைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார், வரப்புத் தகராறு பற்றிப் பேசினார். இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் பேச்சு நின்றது. ஒன்றுமில்லாமல் நாடா மட்டும் ஓடியது. பிறகு டம் டம் என்று அடி ஆரம்பித்தது. எவனோ ஒருவன் இங்கிலீஷில் பேசத் தொடங்கினான்.

அண்ணன் நிமிர்ந்தான். "டேய், இதுக்கப்புறம் அப்பா பேசுனாருடா."

"என்ன பேசுனாரு?"

"பேசுனாரு. ஏதோ... எம்புட்டு வருசமாச்சு, ஞாபகம் இல்லடா."

மூலக் கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதே பாட்டு.

மறுநாள் காலை கடைக்கு வந்து உன் சட்டையைப் பிடித்தேன். உனக்கு முதலில் புரியவே இல்லை. பாட்டு பிடிக்கவில்லையா என்று கேட்டாய்! "கூடவே உக்காந்து கேட்டேன் மாப்ள. அப்பா பேச்சு முடிஞ்சிருச்சு. ஒரு நிமிசத்துக்கு மேல சத்தமே இல்ல. மூலக் கேசட்டுலயே மிச்சம் கெடந்த எடத்துல உனக்குன்னு ஒரு பாட்டு போட்டுட்டு, அப்புறம்தான் காப்பி எடுத்தேன். அது ஒரு பய அவங்க அப்பாகிட்டப் பேசுற பாட்டுடா. அந்த ஆல்பத்தக் கேட்டவங்க ஊர்லயே பத்துப் பேரு இருக்க மாட்டாங்க. அவங்க அப்பா ரொட்டி சுடுற எடத்துல வேல பாக்குறவரு—"

"எங்கப்பா பேசிக்கிட்டு இருந்தாருடா அதுல!"

அப்போதுதான் உன் முகம் மாறியது. அதோடு வாயை மூடியிருக்கலாம். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "நீயும் கேசட்டோட காத ஒடச்சுக் குடுத்துருக்கணும்ல. ஒடச்சிருந்தா ரெக்கார்டே ஆயிருக்காதுல்ல." கேசட்டின் முதுகில் இருக்கும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது என்பது எனக்கும் தெரியும். அதை அந்த நேரத்தில் சொல்ல வேண்டுமா?

"இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றேன். நான்கு வருடம் நீயும் முழிக்கவில்லை. பெரியார் பஸ் நிலையத்தில் ஒருமுறை கூட்டத்துக்குள் கையைத் தூக்கினாய். நான் திரும்பிக்கொண்டேன்.

ஆனால் நான் வராத நாளாகப் பார்த்து நீ எங்கள் கிராமத்துக்குப் போய்வந்ததை அம்மா என்னிடம் வெகுநாள் மறைத்துவிட்டார். கல்யாணமாகி நான் திருமங்கலத்தில் குடியேறியிருந்தேன். அம்மா ஊரிலேயே இருந்தார். ஒரு பொங்கலுக்குப் போனபோது ஒரு கேசட்டை நீட்டினார். "அந்தப் பய குடுத்துட்டுப் போனான்" என்றார். "தூக்கிப் போடும்மா" என்றேன். அவர் தூக்கிப் போடவில்லை. தகரப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

உன் அக்கா எனக்குப் போன் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. "தம்பி, அவனுக்கு மஞ்சக்காமாலை. ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேங்கிறான். நீங்க சொன்னா கேப்பான்." நீ யார் சொல்லிக் கேட்டிருக்கிறாய்? இருந்தாலும் வந்தேன். சேலைப் பெட்டிகளுக்கு நடுவே பாயில் படுத்திருந்தாய். கண் இரண்டும் மஞ்சள். கழுத்தில் ஹெட்போன்.

"கெளம்புடா, டாக்டர்ட்டப் போவோம்" என்றேன். நான்கு வருடத்துக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை.

"கீழாநெல்லி குடிக்கிறேன். சரியாயிரும். உனக்குத் தெரியாது."

அந்த நேரத்தில் உன்னை அடிக்கலாமா என்று வந்தது. அக்காவும் நானும் சேர்ந்து மறுநாள் உன்னைத் தூக்கிக்கொண்டுதான் போனோம். ஆனால் அதற்கு முன், அந்தப் பாயில் படுத்தபடியே கேட்டாய்: "கேசட்டக் கேட்டியா?"

"இல்ல."

"கேளு. கடைசில பாட்டு ஒண்ணும் போடல மாப்ள. எடம் அப்பிடியே கெடக்கு."

ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். இரண்டு வாரம் முன்னதாக வந்திருந்தால் தேறியிருப்பாய் என்று சொன்னார்கள். இதற்கு யார்மேல் கோபப்படுவது, சொல்.

உன் காரியம் முடிந்த பிறகு ஊருக்குப் போய் அந்தக் கேசட்டைக் கேட்டேன். அம்மாவின் குரல். அப்பா பேசும்போது பக்கத்தில் இருந்தவர் அம்மா மட்டும்தான் என்பதை நான் யோசிக்கவே இல்லை, நீ யோசித்திருக்கிறாய். அப்புறம் என்னம்மா சொன்னாரு, அப்புறம் என்னம்மா சொன்னாரு என்று நீ கேட்டுக் கேட்டு, அம்மா சலித்துக்கொண்டு பதில் சொல்கிறார்.

"பேச்ச எங்கிட்டு முடிச்சாரு? பெரியவன் பேரச் சொல்லவும் அழுக வந்துருச்சு மனுசனுக்கு. துண்ட வச்சு மூஞ்சியப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாரு. மிசினு பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கு. நாந்தான், யோவ், ஓடுதுய்யா பேசுன்னேன். அப்புறம்தான் பேசுனாரு. வேப்பமரத்த வெட்டியாச்சு, வந்தா தேடாதன்னாரு. ஒடம்பப் பாத்துக்கன்னாரு. சின்னவனப் பத்தி நீ கவலப்படாத, அவன் வெடுக்குவெடுக்குன்னு பேசுவான், ஆனா அவனுக்கு டவுன்ல ஒரு கூட்டாளி இருக்கான், எம்புட்டுத் திட்டுனாலும் பொறுத்துப் போறான், நல்ல பயன்னாரு."

அங்கே உன் குரல் நின்றுவிடுகிறது. நீ அடுத்த கேள்வி கேட்கவில்லை.

நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அப்பா நெசமாவே அப்பிடிச் சொன்னாரா? இல்ல, அவன் முன்னால உக்காந்திருக்கான்னு நீயாச் சொன்னியா?"

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொல்லிருப்பாரு" என்றார்.

எவ்வளவோ கேட்டுவிட்டேன். இன்றுவரை அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அண்ணனிடம் போனில் கேட்டால், "இருக்கும்டா" என்கிறான். என்னைச் சுற்றி வாய்த்ததெல்லாம் இப்படிப்பட்ட ஆட்கள்.

அம்மா பேசி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சம் இருக்கிறது. நீ சொன்னபடியே ஒன்றும் போடவில்லை. நாலு நிமிடம் கிடைத்தால் நாலு நிமிடத்தையும் நிரப்பியவன், பதினொரு நிமிடத்தை அப்படியே விட்டிருக்கிறாய். ஒரே ஒரு பாட்டாவது போட்டிருக்கலாமே. அந்த இருமல்காரர்கள் பாட்டாவது. எல்லாரும் வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் போட்டாய். நான் ஒருவன் ஒரு நாள் தேடுவேன் என்று உனக்குத் தோன்றவில்லையா?

உன் கேசட்டுகளை அக்கா என்னிடம் கொடுத்துவிட்டார். அறுபதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். அப்பாவின் குரல்மேல் நீ பதிந்த அந்த ரொட்டிக்காரர் மகனின் ஆல்பத்தையும் கண்டுபிடித்தேன். முழுதாக ஒன்பது பாட்டு. சொன்னால் உனக்குத் திமிர் ஏறும் என்றுதான் யோசிக்கிறேன், பிரமாதமான ஆல்பம்டா. ஆறாவது பாட்டில் அவன் அப்பா வேலை முடிந்து மாவு ஒட்டிய கையோடு வந்து கதவைத் தட்டுவதைச் சொல்கிறான். அதை உலகத்தில் ஒருவரும் கேட்காமல் போனதற்கு எனக்கும் இப்போது கோபம் வருகிறது. பள்ளியில் கணக்கு வாத்தியாருக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

என் மனைவிக்கு ஒரு குறை உண்டு. கேசட்டில் பாட்டு முடிந்த பிறகும் நான் டேப்பை அணைப்பதில்லை. நாடா சும்மா ஓடிக்கொண்டிருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். "முடிஞ்சிருச்சுங்க, அமத்துங்க" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"இரு, இரு" என்பேன். நாடா கடைசிவரை ஓடி, பொத்தான் தானாக டக்கென்று மேலே எழும்பும்வரை எழுந்திருக்க மாட்டேன்.